பதினைந்து வயதுக்காரிக்கு ஒரு றோஸ் சட்டை

மொன்றியலில் சென் உபேர் தெருவின் ஒரு துண்டு முழுக்க அப்போது கல்யாணச் சட்டைக் கடைகள்தான். அவற்றில் ஒன்றின் பின்னறையில், இரண்டு தையல் மெஷின்களுக்கும் ஓர் அயன் மேசைக்கும் நடுவில், நான் ஏழு வருடம் வேலை செய்தேன். கடை ஓர் இத்தாலியப் பெண்மணியுடையது. பதினொரு வயதில் கலாப்ரியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். நான் சேர்ந்தபோது அவருக்கு அறுபது நடந்துகொண்டிருந்தது. கடைக்கு வருகிற எல்லோரும் அவரை "சின்யோரா" என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் முன்னால் நின்று விற்பார், அளவெடுப்பார், குண்டூசி குத்துவார். பின்னால் இருந்து பிரிப்பதும் பிடிப்பதும் விளிம்பு மடிப்பதும் என் வேலை.

எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி பிரெஞ்சு. என்னுடையது அரசாங்க வகுப்பில் படித்த பிரெஞ்சு, அவருடையது தெருவில் பொறுக்கியது. அவர் பேசியவற்றை இங்கே எங்களுடைய தமிழிலேயே எழுதுகிறேன். என் நினைவில் அவை அப்படித்தான் பதிந்திருக்கின்றன.

சின்யோராவுக்கு ஒரு பெருமை இருந்தது. தனக்கு ஸ்பானியம் தெரியும் என்பார். படித்ததில்லை, ஆனாலும் தெரியும்.

"அது என்ன பெரிய மொழி. எங்கட இத்தாலியனுக்குக் கடைசியில ஒரு 'ஸ்' போட்டால் ஸ்பானியம். அவையள் எங்கட சொந்தக்காரர் மாதிரி."

தென்னமெரிக்காவிலிருந்தும் நடு அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய இருந்தன. நான் குடியிருந்த சென் மிஷேலில் எங்கள் கட்டடத்திலேயே மூன்று குடும்பம். ஆனால் அவர்கள் இந்தக் கடைக்கு அதிகம் வருவதில்லை. அதனால் சின்யோராவின் ஸ்பானியத்தைச் சோதித்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. ஒரு வசந்தகாலத்தில் அந்தத் தாய் வரும்வரைக்கும்.

ஏப்ரல் மாதம், பனி உருகித் தெரு முழுக்கச் சேறாக இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. எல் சல்வடோரிலிருந்து வந்த ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். குள்ளம், அகலமான தோள், கையில் நாலாய் மடித்த ஒரு தாள். அதை விரித்துக் காட்டினார். ஏதோ சஞ்சிகையில் வெட்டிய படம். கிரீடம் வைத்த ஒரு பிள்ளை, தரை வரைக்கும் விரிந்த றோஸ் நிறச் சட்டையில் நின்றாள். றோஸ் என்றால் லேசான றோஸ் இல்லை, கண்ணைப் பறிக்கிற றோஸ்.

சின்யோரா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மகளுக்கு எப்போது கல்யாணம் என்று இத்தாலியனில் கேட்டார். அது எப்படியோ அந்தத் தாய்க்கு விளங்கியது. கல்யாணம் இல்லை, ஜூனில் மகளுக்குப் பதினைந்து வயது, அதற்கு விழா, என்று ஸ்பானியத்தில் சொன்னார். பதினைந்து என்பதை மூன்று முறை சொன்னார். சின்யோரா என் பக்கம் திரும்பினார்.

"பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணச் சட்டையாம். இதென்ன கூத்து? எங்கட இடத்தில ஒரு பொம்பிளைப்பிள்ளை இரண்டு தரம்தான் நீளச் சட்டை போடுவாள். கோயில்ல முதல் நன்மை எடுக்கேக்க ஒண்டு, கல்யாணத்துக்கு ஒண்டு. நடுவில ஒண்டும் இல்லை."

எனக்கோ மனதுக்குள் ஒரு துள்ளல். நான் மெஷினை விட்டு எழும்பி முன்னுக்கு வந்துவிட்டேன். பிள்ளை பெரியவளாகிறாள், ஊரைக் கூட்டி, உடுப்புப் போட்டு, பூ வைத்து, மண்டபம் எடுத்து, படம் பிடித்து, சாப்பாடு போட்டு. இது எங்களுடைய சாமத்தியவீடு அல்லவா? உலகத்தின் மறுபக்கத்திலும் இதைச் செய்கிறார்களா? அந்தத் தாயிடம் என் பிரெஞ்சில் கேட்டேன். அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப்போல மெதுவாக நடக்கிற பிரெஞ்சு. கேக் உண்டா? உண்டு, ஆறு தட்டு. கூட நடந்துவரத் தோழிப்பிள்ளைகள்? பதினாலு சோடி. காசு பிடித்துவிடுமே? சொந்தக்காரரும் தெரிந்தவர்களும் ஆளுக்கொன்றைப் பொறுப்பெடுப்பார்கள். ஒருத்தி கிரீடத்துக்கு, ஒருத்தி சப்பாத்துக்கு, ஒருத்தி கேக்குக்கு. அப்படிப் பொறுப்பெடுப்பவர்கள் பிள்ளைக்கு ஞானத்தாய் மாதிரி.

எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒன்றாக வந்தன. சின்யோராவுக்கு எங்களுடைய சடங்கைப்பற்றி விளக்கினேன். பிள்ளைக்கு முதல் முறை தீட்டு வந்ததும் நாங்கள் நீர் வார்த்து, பிறகு நாள் பார்த்துக் கொண்டாடுவோம் என்றேன். அவருடைய முகம் மாறியது.

"அதை ஊருக்குச் சொல்லுவியளோ?"

"ஓம். காட் அடிச்சுக் குடுப்பம்."

"ஆம்பிளையளுக்கும்?"

"எல்லாருக்கும்தான்."

அவர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அந்தத் தாயைப் பார்த்தார். என்னுடைய கதையைக் கேட்ட பிறகு வெறும் பதினைந்தாவது பிறந்தநாள் அவருக்கு மிகவும் மரியாதையான காரியமாகத் தெரிந்திருக்கவேண்டும். "சரி, செய்வம்" என்றார்.

பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மகளும் தன் உயரம்தான், தன்னையே அளந்துகொள்ளலாம் என்று தாய் சைகையில் காட்டினார். எங்கள் கடையில் அளவெடுப்பதற்கு ஒரு வட்டப் பலகை மேடை உண்டு. பகல் வெளிச்சம் வேண்டுமென்று அதை வாசல் கதவுக்குப் பக்கத்தில் போட்டிருந்தோம். சின்யோரா நாலைந்து குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மேடையின் பக்கம் கையை நீட்டிச் சொன்னார்:

"சல்கா, செனியோரா."

அந்தத் தாய் அப்படியே நின்றார். சின்யோரா கையை இன்னும் ஒரு தரம் நீட்டினார். "சல்கா, சல்கா."

தாயின் முகம் சிவந்தது. படத்தை நாலாய் மடித்தார். கைப்பையில் வைத்தார். மேடையைத் தாண்டிக் கதவைத் திறந்து தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

சின்யோரா வாயில் ஊசியோடு நின்றார். "என்ன நடந்தது? நான் மரியாதையாத்தானே சொன்னனான்?"

நான் மேலங்கியை எடுக்கவில்லை, தொப்பியை எடுக்கவில்லை. வீட்டுச் செருப்போடு சேற்றுக்குள் ஓடினேன். மெத்ரோ நிலையத்துப் படியில்தான் அவரைப் பிடித்தேன். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"எனக்கு விளங்குது. றோஸ் சட்டை கேட்டு வாற ஆக்கள் அவவின்ர கடைக்குச் சரிவராது. ஆனால் வாயால 'வெளியில போ' எண்டு சொல்லத் தேவையில்லை."

"எப்ப சொன்னவ?"

"சல்கா எண்டு இரண்டு தரம் சொன்னவ. கதவையும் காட்டினவ."

அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். நான் சேர்ந்த நாலு வருடமாக ஒவ்வொரு இத்தாலிய மணமகளின் தாயிடமும் சின்யோரா சொல்கிற சொல். "சல்கா எண்டால் இத்தாலியனில ஏறுங்கோ எண்டு. கதவைக் காட்டேல்லை, மேடையைக் காட்டினவ. ஏறி நில்லுங்கோ எண்டுதான் சொன்னவ." நான் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து நடித்துக் காட்டினேன். செருப்பிலிருந்து சேறு வழிந்தது.

அவர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். ஸ்பானியத்தில் அதே சொல்லுக்கு, அதே மரியாதையோடு, வெளியே போங்கள் என்று அர்த்தமாம். மெத்ரோவுக்குப் போகிறவர்கள் எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பிக் கூட்டிக்கொண்டு வந்தபோது சின்யோரா வாசலிலேயே நின்றார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்க அந்தத் தாயைக் கட்டிப்பிடித்தார். இத்தாலியர்கள் இரண்டு கன்னத்திலும் முத்தமிடுவார்கள், இடது பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். சல்வடோர்காரர் ஒரு கன்னத்தில் மட்டும், அதுவும் வலது பக்கத்தில். இரண்டு மூக்கும் நேராக மோதின. மூக்கைத் தடவிக்கொண்டே சின்யோரா பின்னறைக்குப் போய் தன் சின்ன இத்தாலியப் பாத்திரத்தில் கடுங்கோப்பி வைத்தார். தாய் அதற்கு நாலு கரண்டி சீனி போட்டபோது சின்யோரா பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஜூன் வரைக்கும் அந்தச் சட்டைதான் எங்கள் கடையின் பேச்சு. சின்யோராவுக்கு அந்த நிறம் பிடிக்கவேயில்லை. தந்தநிறம், பால்நிறம், அதிகம் போனால் ஒரு மங்கலான சாம்பல். உடுப்பு சத்தம் போடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அந்தத் தாய்க்கோ, பிள்ளையின் நாளில் உடுப்பு சத்தம் போடாவிட்டால் வேறு எப்போது போடும் என்பது கேள்வி. வேலை முடிந்து போகிற வழியில் வந்து கண்ணாடி மணி இன்னும் கொஞ்சம் வைக்கலாமே என்பார். பகலில் நகர மையத்தில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிற வேலை அவருக்கு. வரும்போது சில நாளில் சோளமாவில் சீஸ் வைத்துத் தட்டிய ரொட்டி கொண்டுவருவார். சின்யோரா அதைத் தட்டில் வைத்துக் கத்தியாலும் முள்ளாலும் வெட்டிச் சாப்பிடுவார். நானும் அந்தத் தாயும் கையால் பிய்த்துச் சாப்பிடுவோம்.

வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் அக்கா தங்கை போலத்தான். இருவரும் கையால் கதைப்பார்கள். இருவருக்கும் குரல் தெருவுக்குக் கேட்கும். இருவரும் வாயைத் திறந்தால் மாதாவைக் கூப்பிடுவார்கள், பிள்ளை வடிவு என்று யாராவது சொன்னால் உடனே கண்ணூறுக்குப் பயப்படுவார்கள். சின்யோரா சட்டைக்குள் இருக்கிற சின்னச் சிவப்புக் கொம்பைத் தொடுவார், தாய் கையில் கட்டிய சிவப்பு நூலைத் தொடுவார். நான் இரண்டையும் பார்த்து, உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போடுகிற எங்கள் ஆட்களை நினைத்துக்கொள்வேன். ஆனால் அடுத்த நிமிடமே சண்டை வரும். சின்யோரா நேரத்தைப் பார்ப்பார், தாய் பார்க்கமாட்டார். சின்யோரா தன் குடும்பத்தைத் தாண்டி ஒருவரையும் நம்பமாட்டார். தாயோ பஸ்ஸில் கண்டவளையும் விழாவுக்கு அழைத்துவிடுவார்.

மே மாதக் கடைசியில், தொழிற்சாலைக்கு அளவு அனுப்பிச் சொல்லியிருந்த சட்டை வந்தது. பெட்டியைத் திறந்தபோது பின்னறைச் சுவரே றோஸாகத் தெரிந்தது. தோள்பட்டி இல்லாத மேல்பகுதி, அதே சாட்டினில் ஒரு தோள்துணி, கீழே பத்து அடுக்கு வலைத்துணி. போட்டுப் பார்க்க அந்தப் பிள்ளை வந்தாள். காதுக்குள் எப்போதும் பாட்டுக் கேட்கிற வயர். கதைத்தால் பிரெஞ்சில் கதைப்பாள், பெரும்பாலும் கதைக்கமாட்டாள். சட்டை அவளுக்கு அளவெடுத்தது போல இருந்தது. சின்யோரா அவளைக் குதியுயர்ந்த சப்பாத்தில் ஏற்றி, அதற்கேற்றபடி விளிம்புக்கு ஊசி குத்தினார். அந்த நேரத்தில் சின்யோராவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஓர் அடி பின்னால் போய் நின்று மறுபடியும் பார்த்தார்.

பிள்ளை உடுப்பு மாற்றத் திரைக்குப் பின்னால் போனாள். தாய் ஏதோ யோசித்தபடி சின்யோராவின் கையைப் பிடித்தார். "லார்கோ," என்றார். "முய் லார்கோ."

சின்யோரா ஆச்சரியப்பட்டார். "லார்கோ?"

"சீ, லார்கோ." சீ என்றால் இரண்டு மொழியிலும் ஓம். பிறகு வேறு ஏதோ சொன்னார். அதில் விழும், விழுந்துவிடும் என்ற மாதிரி ஒரு சொல் இருந்தது. சின்யோராவுக்கு அது விளங்கிவிட்டது. இத்தாலியனிலும் விழுவதற்கு அதே மாதிரிச் சொல்தான். அவர் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தார். தாயும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

அவர்கள் போனபின் சின்யோரா என்னிடம் சொன்னார்: "சட்டை லூசாம். நடனம் ஆடேக்க மேல்பகுதி கழண்டு விழுந்திடும் எண்டு தாய் பயப்படுறா. தோள்பட்டியும் இல்லைத்தானே. எனக்கு லூசாத் தெரியேல்லை, எண்டாலும் தாய்க்குத்தானே தெரியும். இரண்டு பக்கமும் நல்லாப் பிடியும்."

எனக்கும் இத்தாலிய லார்கோ தெரியும். லூசு, அகலம். அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, இரண்டிரண்டு விரற்கடை பிடித்துத் தைத்தேன். உள்ளே மிஞ்சிய துணியை ஒட்ட வெட்டினேன். உள்பக்கமும் வெளிப்பக்கம்போலச் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது கடையின் சட்டம்.

விழா சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தாயும் மகளும் சட்டையை எடுத்துப்போக வந்தார்கள். எதற்கும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும் என்று சின்யோரா சொன்னார்.  பிறகு பிள்ளை வெளியே வந்தாள். முதுகில் சிப்பின் இரண்டு பல்வரிசையும் சேரவில்லை. மூன்று விரல் இடைவெளி. நான் இழுத்துப் பார்த்தேன், சின்யோரா இழுத்துப் பார்த்தார், பிள்ளை மூச்சை அடக்கிப் பார்த்தாள். அது மட்டுமில்லை. பிள்ளை அன்று தட்டைச் சப்பாத்தோடு வந்திருந்தாள். சட்டையின் விளிம்பு தரையில் அரைச் சாண் புரண்டது. ஓர் அடி எடுத்து வைத்தவள் அதில் மிதித்து என் மேலேயே சாய்ந்தாள்.

தாய் இரண்டு கையையும் தூக்கினார். "லார்கோ! நான் சொன்னனான், லார்கோ எண்டு." கையை மேலிருந்து தரைவரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

சின்யோரா இரண்டு கையையும் பக்கத்துக்கு விரித்துக் காட்டினார். "லார்கோ எண்டால் இதுதானே?"

ஒருவர் மேலும் கீழும், மற்றவர் இடமும் வலமும். பிள்ளை காதிலிருந்து வயரைக் கழற்றினாள். அவள் என்னோடு முழுதாக ஒரு வசனம் கதைத்தது அன்றுதான் முதல் தடவை.

"அம்மா நீளம் எண்டு சொல்லியிருக்கிறா. சின்யோரா அகலம் எண்டு நினைச்சிட்டா. நீங்கள் மூண்டு பேரும் பிரெஞ்சில கதைச்சிருக்கலாமே?"

 விழா முழுதும் குதியுயர்ந்த சப்பாத்து இல்லை என்பதை அப்போதுதான் தாய் விளக்கினார். பிள்ளை தட்டைச் சப்பாத்தோடு வருவாள், பாதி விழாவில் தகப்பன் முழந்தாளிட்டு அதைக் கழற்றிக் குதியுயர்ந்ததை மாட்டிவிடுவார். அதுதான் விழாவின் உச்சம். அந்த நேரம் வரைக்கும் பிள்ளை தடக்கி விழுந்துவிடக்கூடாதே என்றுதான் அவர் அன்று பயந்திருக்கிறார்.

உள்ளே விட்டுக்கொடுக்கத் துணி இல்லை, நானே வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். சின்யோரா ஏசவில்லை. பின்னறைக்குப் போய், மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த அந்தோனியார் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். கோபம் வந்தால் அவருக்கு அதுதான் வழக்கம், புனிதருக்கும் தண்டனை. பின்னால் வந்த தாய் அதைக் கண்டு வெலவெலத்துப் போனார். உடனே சிலுவை போட்டு, படத்தைத் திருப்பி நேராக்கி, துடைத்தும் விட்டார். பிறகு கைப்பையைக் கழற்றி அயன் மேசையில் வைத்துவிட்டு, என்னுடைய கதிரையில் உட்கார்ந்தார்.

"சிப்பைக் கழட்டுங்கோ," என்றார். "முதுகு முழுக்கக் கயிறு போட்டுக் கட்டுவம். கயிறு எண்டால் எவ்வளவும் விடலாம், எவ்வளவும் இறுக்கலாம்."

"உங்களுக்குத் தையல் தெரியுமா?" என்று கேட்டேன்.

ஊரில் எட்டு வருடம் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலையில் இருந்தாராம். எட்டு வருடமும் காற்சட்டைக்கு இடுப்புப்பட்டி மட்டும் தைத்தாராம். ஒரு முழு உடுப்பை அவர் தன் வாழ்க்கையில் தைத்ததில்லை. ஆனால் இடுப்பைப்பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

நான் சிப்பைப் பிரித்தேன். சின்யோரா அந்த றோஸ் தோள்துணியை எடுத்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை வைத்தார். அதிலிருந்து முதுகை மறைக்கிற ஒரு துண்டு, கயிறு கோக்கிற வளையங்களுக்கு நீளநீளமான கீலங்கள். தாய் மெஷினை மிதித்தார். அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. துணி ஊசிக்குக் கீழே ஓடியது, கை அதற்கு முன்னால் ஓடியது. இருபத்தெட்டு வளையம், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை. சின்யோரா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தார். அவர் ஒருவரின் தையலை அப்படிப் பார்த்தால் பிழை கண்டுபிடிக்காமல் விடமாட்டார். அன்று கண்ணாடியை இறக்கிவிட்டு அடுத்த கீலத்தை எடுத்து நீட்டினார்.

விளிம்புக்கு நான் ஒரு வழி சொன்னேன். கல்யாணச் சட்டைகளின் நீண்ட வாலைத் தூக்கி மாட்டுவதற்கு உள்ளே சின்னக் கொளுக்கி வைப்போம். அதே மாதிரி விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு கொளுக்கி. தட்டைச் சப்பாத்துக்குத் தூக்கி மாட்டலாம், குதியுயர்ந்ததுக்கு அவிழ்த்துவிடலாம். சின்யோரா என் கன்னத்தைக் கிள்ளினார்.

வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. பிள்ளை பக்கத்துத் தெப்பனர் என்கிற சின்னக் கடையில் எங்களுக்குக் குளிர்பானமும் சிப்ஸும் வாங்கிவந்தாள். மூன்று பேரும் மூன்று மொழியில் கதைத்துக்கொண்டு தைத்தோம். நான் தமிழில்கூட ஏதோ சொன்னேன், ஒருவரும் கவனிக்கவில்லை. கடை பூட்டுகிற நேரத்துக்குப் பிள்ளை மேடையில் ஏறினாள். தாய் பின்னால் நின்று கயிற்றை இழுத்துக் கட்டினார். முதலில் இருந்ததைவிட அது வடிவாக இருந்தது. அதைச் சின்யோராவே சொன்னார். உடனே கொம்பையும் தொட்டுக்கொண்டார்.

அப்போது தாய் சின்யோராவின் முன்னால் போய் நின்று, மெதுவாக, ஸ்பானியத்தில் ஒன்று கேட்டார். சட்டைக்குப் பொறுப்பான ஞானத்தாயாக நீங்களே இருப்பீர்களா என்று. கடைசியில் ஒரு சொல் சொன்னார்: "கொமாத்ரே."

 இந்தத் தடவை யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. சின்யோராவின் ஊர்ப்பேச்சில் அது "கொமாரே". பிள்ளையின் தாய்க்கும் ஞானத்தாய்க்கும் இடையிலான உறவு. இரத்தம் இல்லாமல் வருகிற சொந்தம். "கொமாரே," என்றார் சின்யோரா. "கொமாத்ரே," என்றார் தாய். இருவரும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நான் அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

அடுத்த நாள் விழா சென் மிஷேலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அழைப்பு அட்டையில் ஐந்து மணி என்று போட்டிருந்தது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "ஐஞ்சு எண்டால் ஏழரை. நீர் ஆறுதலா வெளிக்கிடும்" என்றார். ஆனால் நாலே முக்காலுக்கே சின்யோராவின் கார் வாசலில் நின்றது. கறுப்புப் பட்டுச் சட்டை, முத்துமாலை, அளவான உதட்டுச்சாயம். நான் சேலையை அரைகுறையாகச் சொருகிக்கொண்டு ஓடினேன்.

மண்டபத்தில் பலூன் ஊதுகிற இரண்டு மாமாமாரைத் தவிர ஒருவரும் இல்லை. சின்யோரா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரைக்கும் பார்த்தார்.

"என்னை மறந்திட்டினமோ?"

"இல்லை சின்யோரா. எங்கட ஆக்களும் இப்பிடித்தான்."

"இத்தாலியக் கல்யாணம் எண்டால் இந்த நேரத்துக்கு மூண்டாவது தட்டு வந்திருக்கும்."

அவரால் சும்மா இருக்கமுடியவில்லை. பத்து நிமிடத்தில் முத்துமாலையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு மேசைவிரிப்பு நேராக்கத் தொடங்கினார். பலூன் மாமாமாரை ஏணியில் ஏற்றி இறக்கினார். சல்கா என்று மட்டும் சொல்லாதேயுங்கோ என்று நான் கெஞ்சினேன். ஏழு மணிக்குச் சனம் வரத் தொடங்கியபோது மண்டபம் அவர் கையால் ஒழுங்கான மண்டபமாக இருந்தது. அவர் வாசலில் நின்று, வீட்டுக்காரர் மாதிரி, எல்லோருக்கும் ஒரே ஒரு முத்தம் கொடுத்தார், வலது கன்னத்தில்.

பிறகு வாத்தியம் தொடங்கியது. பதினாலு சோடி நடந்து வந்தன. கடைசியில் அந்தப் பிள்ளை. காதில் வயர் இல்லை. அந்த வெளிச்சத்தில் அந்த றோஸ் எப்படி இருந்ததென்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. மண்டபத்தில் எல்லோரும் எழும்பி நின்றோம். முதுகுக் கயிறு ஒரு முடிச்சும் தளராமல் இருந்தது. தட்டைச் சப்பாத்தோடு ஒரு சுற்று ஆடினாள். விளிம்பு தரையைத் தொடவில்லை.

நடுவில் ஒரு கதிரை போட்டார்கள். பிள்ளை உட்கார்ந்தாள். தகப்பன், கட்டட வேலை செய்கிற பருமனான மனிதர், ஒரு குஷனில் புதுச் சப்பாத்தைக் கொண்டுவந்து முழங்காலில் இருந்தார். அவருடைய தடித்த விரலுக்கு அந்தச் சின்ன வார் அகப்படவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். அதே நேரத்தில் சின்யோரா கறுப்புப் பட்டோடு அந்தச் சீமெந்துத் தரையில் ஒரு பக்கமும், தாய் மறுபக்கமும் முழந்தாளிட்டுக் கொளுக்கிகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டாவது கொளுக்கியில் இருவரின் கையும் சந்தித்தது. பிள்ளை எழும்பினாள். சட்டை முழு நீளத்துக்கும் இறங்கியது.

சின்யோரா எழும்பவில்லை. அங்கேயே இருந்து அழுதார். நான் போய்க் கை கொடுத்துத் தூக்கினேன்.

"எனக்குப் பதினைஞ்சு வயசில ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை," என்றார். "பதினைஞ்சு வயசில நான் சட்டைத் தொழிற்சாலையில பொத்தான் தைச்சுக்கொண்டிருந்தனான்."

அவர் அதற்கு முன் அதை என்னிடம் சொன்னதில்லை. நான் அவருடைய பட்டுச் சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டேன். அதற்குள் அந்தத் தாயின் அண்ணன் வந்து, கொமாத்ரே ஆடவேண்டும் என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இத்தாலியர்கள் சாப்பிட்டுவிட்டு ஆடுவார்கள், இவர்கள் ஆடிவிட்டுச் சாப்பிடுவார்கள். சின்யோரா பசியோடு இரண்டு மணி நேரம் ஆடினார். என் கணவர் சரியாக ஏழரைக்கு வந்தவர், சாப்பாடு எப்போது என்று என்னைக் கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஆடினேன். ஊரிலும் இங்கும் நான் அதற்கு முன் ஒரு விழாவிலும் ஆடியதில்லை.

செப்டம்பரில் அந்தத் தாய் எங்கள் கடையில் இரண்டாவது மெஷினுக்கு வந்து சேர்ந்தார். முதல் கிழமையே சின்யோராவும் அவரும் நூல் நிறத்துக்குச் சண்டை பிடித்து ஒரு நாள் கதைக்காமல் இருந்தார்கள். கண்ணாடிச் சன்னலில், தந்தநிறச் சட்டைகளுக்கு நடுவில், ஒரு மயில்நீலச் சட்டை வந்தது, அடுத்த வசந்தத்தில் ஒரு செம்மஞ்சள். பெருவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வந்த தாய்மார் பிள்ளைகளோடு வந்தார்கள். எங்களுடைய ஆட்களும் சாமத்தியவீட்டுக்கு இரண்டாவது உடுப்பாக நீளச் சட்டை கேட்டு வரத் தொடங்கினார்கள். அவர்களோடு நான் முன்னுக்குப் போய்க் கதைப்பேன்.

ஒவ்வொரு புதுப் பிள்ளையும் மேடைக்கு வரும்போது, "நீர் சொல்லும்" என்று சின்யோரா என்னைத்தான் கூப்பிடுவார். நான் பிரெஞ்சில், ஏறுங்கோ என்று சொல்வேன்.